வாங்கு

வில்லியம் எம்ப்ஸனின் ‘பொருள் மயக்கத்தின் ஏழு வகைகள்’ வெளிவந்தது 1930இல். ஆங்கில இலக்கியத்தை பி.ஏ.வுக்குப் பாடமாக எடுத்துக்கொண்ட என்னைப் போன்ற சிலருக்கு அந்தப் புத்தகத்தின் போதை இன்னும் தெளியவில்லை. ஒரு சொல் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இழுக்குமானால் அங்கே கவிதை இருக்கிறது என்று நினைத்துப் பழகிவிட்டோம். நான் எழுதிய மதிப்புரைகளைப் புரட்டினால் ‘பொருள் மயக்கம்’ என்பது எப்போதும் பாராட்டாகவே வந்திருக்கிறது. இந்தப் பாராட்டைப் பற்றி எனக்கு இப்போது ஒரு சங்கடம். அதற்குக் காரணம் ஒரு சிறிய சொல்.

குடியிருப்பது அவனியாபுரத்தில், வேலை ஒரு பாங்கில், கவுண்டரில். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், கூட்டம் கதவு வரைக்கும் நின்றது. எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து, “தம்பி, அந்த வாங்கில கொஞ்சம் இருக்கட்டோ?” என்று கேட்டார். என் காதில் விழுந்தது ‘வாங்கலை’ என்று. டோக்கன் வாங்கவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டு, “வாங்கலைன்னா அந்தப் பக்கம் வாங்கிக்கங்கம்மா” என்று கையைக் காட்டினேன். அவர் நான் காட்டிய பக்கம் போய்த் தூணோரமாக நின்றார். அரைமணி நேரம் நின்றார். அவருக்கு நாலடி தள்ளிச் சுவரோரம் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதன்மேல் யாரோ பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பிறகு பேரன் வந்தான். முகாமில் பிறந்து வளர்ந்த பையன், மதுரைத் தமிழ்தான் பேசினான். “பெஞ்சைத்தான் சார் அம்மம்மா வாங்குன்னு சொல்லுவாங்க. உட்காரலாமான்னு கேட்டிருக்காங்க.” அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983க்குப் பிறகு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. சொல்லை மாற்றுவது சுலபம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷங்களாகப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உட்காருகிற பலகைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று இரவு அகராதிகளை எடுத்தேன். குற்ற உணர்ச்சிக்கு நான் கண்டுவைத்திருக்கும் ஒரே மருந்து அது.

வாங்கு போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் மொழியில் ‘பாங்க்கோ’ என்றால் பெஞ்சு. யாழ்ப்பாண அரசு 1619இல் அவர்கள் வசமாயிற்று. 1658இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களை வெளியேற்றினார்கள். நாற்பது வருஷ ஆட்சி போய்விட்டது, உட்கார்ந்த சாமான்களின் பெயர்கள் தங்கிவிட்டன: வாங்கு, கதிரை. மேசையும் சாவியும் அலமாரியும் ஜன்னலும் நம்மிடமும் இருக்கின்றன. சிங்களத்தில் பெஞ்சு ‘பங்குவ’, மலாயில் ‘பங்கு’. எல்லாம் அதே பலகைதான்.

அந்தப் பலகையின் பிறந்த இடம் போர்த்துக்கல்லும் அல்ல. ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான ஒரு பழஞ்சொல். மேடு, பலகை என்று அர்த்தம். அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘பெஞ்ச்’ வந்தது. ஆற்றின் கரையைக் குறிக்கும் ‘பாங்க்’கும் அந்த வேர்தான். இத்தாலியர்கள் அதைக் கடன் வாங்கி, நாணயம் மாற்றுகிறவன் முன்னால் போட்டிருந்த மேசைக்குப் பெயராக வைத்தார்கள். பிறகு மேசையின் பெயர் தொழிலின் பெயராயிற்று. ஜெர்மனில் இன்றைக்கும் பெஞ்சும் பாங்கும் ஒருமையில் ஒரே சொல், பன்மையில்தான் பிரிகின்றன. திவாலாவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் இத்தாலிய மூலத்துக்கு ‘உடைந்த பலகை’ என்று பொருள். நமக்கு அது மஞ்சள் கடுதாசி.

எல்லா ஊரிலும் பணம் பெஞ்சில் உட்காரவில்லை. சீனர்கள் பாங்குக்கு ‘வெள்ளிக் கடை’ என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்த நகரத்தார் தரையில் சம்மணமிட்டு, முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தவர்கள். அதனால்தான் அங்கே கடைசி ஆளுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். பெஞ்சுக்குப் பதில் பெட்டி.

ஆக, அன்று நடந்தது இதுதான். நான் சுவரோரம் இருந்ததைப் பெஞ்சு என்பேன். அவர் வாங்கு என்றார். வாசலுக்கு மேலே தொங்கும் பலகையில் பாங்க் என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே சொல். எங்கள் தொழிலின் பெயரையே சொல்லி அவர் இடம் கேட்டிருக்கிறார், எனக்குப் புரியவில்லை.

இதோடு முடியவில்லை. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். பாங்க்கை எழுதினாலும் பாங்கு. வில்லாபுரம் பக்கமிருந்து விடியற்காலையில் காற்றில் வரும் தொழுகை அழைப்பை எழுதினாலும் பாங்கு. பின்னது பாரசீகம், குரல், கூவல் என்று அர்த்தம், சேவல் கூவுவதற்கும் அதே சொல். மலையாளத்தில் அது ‘வாங்கு’ என்றாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெஞ்சுக்கு நேர்ந்த அதே பகர வகர மாற்றம். கேரளத்தில் வாங்கு கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் அதில் உட்காருகிறார்கள். நாம் கடையில் வாங்குகிறோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நம்முடைய பாங்கு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பக்கம், இடம், தன்மை, அழகு என்று பொருள்களை வரிசைப்படுத்துகிறது. பக்கத்தில் இருப்பவன் பாங்கன், இருப்பவள் பாங்கி. திருக்கோவையாரில் பாங்கற் கூட்டம் தனிப் பகுதி. தலைவன் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் புரிந்துகொள்வதுதான் பாங்கனுக்கு வேலை. ஒலி ஒற்றுமை தற்செயலானது; இத்தாலியப் பலகைக்கும் அகப்பொருள் தோழனுக்கும் உறவு கற்பிக்கிற வேர்ச்சொல் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அன்று கவுண்டரில் நான் எந்தப் பாங்காகவும் இல்லை என்பது உறைத்தது.

பொருள் மயக்கம் கவிதையில் ஒரு செல்வம் என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, வாசகன் அதைச் சுற்றிச் சுற்றி வரலாம், அவனுக்கு அவகாசம் இருக்கிறது. இரண்டு அர்த்தமும் உயிரோடு இருக்கலாம். கவுண்டரில் அப்படி இல்லை. அங்கே ஒரு அர்த்தம்தான் பிழைக்கிறது. எது பிழைப்பது என்று கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவன் தீர்மானிக்கிறான். மற்ற அர்த்தம் தூணோரமாக நிற்கிறது. மயக்கத்தின் வகைகளைக் கணக்கெடுக்கிற விமர்சனம் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் அவர் வந்தபோது எழுந்து வெளியே போனேன். பெஞ்சின் மேலிருந்த பையை எடுத்துவிட்டு, படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “வாங்கில இருங்கோம்மா.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, “பரவாயில்ல தம்பி, பெஞ்சிலயே உக்காந்துக்கிறேன்” என்றார்.