முன்னோட்டம் எழுதிய நோட்டுப் புத்தகம்

"தொலைக்காட்சி வீட்டுக்கு வேண்டுமா, வேண்டாமா?" நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பங்கிலே மரியாயின் சேனைக் கூட்டமானாலும் சரி, வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டமானாலும் சரி, இறுதியில் பேச்சு இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். அது சாத்தானின் பெட்டி என்பார் ஒருவர். உலகத்தைக் கூடத்துக்குக் கொண்டுவரும் கண்ணாடி என்பார் மற்றொருவர். பங்குத் தந்தை இருவரையும் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, இறுதி ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். அந்த வழக்குக்கு அன்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் வீட்டில் தீர்ப்புச் சொன்னவர் எழுத்தறியாத என் அன்னையார். அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. முதற் சில ஆண்டுகளில் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. 1982-ல் வண்ண ஒளிபரப்பும், அவ்வாண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் வந்த பின்னரே எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை பிறந்தது. 1984-ல் தவணை முறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினேன். இருபுறமிருந்தும் இழுத்து மூடும் மரக்கதவு அதற்கு உண்டு. மாடியில் ஏரியல் கம்பியைக் கட்டி முடித்து, கீழிருந்து பிள்ளைகள் "தெரிகிறது, தெரிகிறது!" என்று கூவிய அந்த மாலையில், தெருவிலேயே நான்தான் பெரிய மனிதன் என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை.

அக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அலைவரிசை. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை மாலை திரைப்படப் பாடல்கள் நிறைந்த 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை திரைப்படம். உழவர்களுக்கு 'வயலும் வாழ்வும்'. இடையிடையே கர்நாடக இசை, செய்திப் படம். இரவானால் தில்லியிலிருந்து இந்தி நிகழ்ச்சிகள். நேயர்களின் கடிதங்களுக்கு விடை சொல்ல 'எதிரொலி' என்று ஒன்றும், வரும் வாரத்தில் என்னென்ன வரப்போகின்றன என்று முன்கூட்டியே அறிவிக்க 'முன்னோட்டம்' என்று ஒன்றும் இருந்தன. இந்த 'முன்னோட்டம்' எங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மையை, அதைத் தயாரித்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் முதலில் நேர்ந்தது தீமைதான். அதற்குப் பெட்டி காரணமன்று, நானே காரணம்.

எங்கள் வீட்டில் இரவு ஏழு மணி என்றால் குடும்ப ஜெபமாலை. என் தந்தையார் காலத்திலிருந்தே வந்த வழக்கம் அது. பெட்டி வந்த சில வாரங்களில் ஏழு மணி ஏழரையாயிற்று, ஏழரை ஒன்பதாயிற்று. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் மூன்றாம் பத்துக்குள் உறங்கிவிடுவார்கள். மன்றாட்டுமாலையை "நாளைக்குச் சேர்த்துச் சொல்லலாம்" என்று நானே நிறுத்திவிடுவேன்.

1985-ஆம் ஆண்டுத் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயிலில் சிலுவைப் பாதை. அதே மாலையில்தான் 'ஒளியும் ஒலியும்'. முதல் வெள்ளி அனைவரும் கோயிலுக்குச் சென்றோம். இரண்டாம் வெள்ளி எனக்குத் தலைவலி என்றேன். பிள்ளைகளுக்கும் தேர்வு என்று ஒரு காரணம் கிடைத்தது. என் மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்னையார் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு தனியே புறப்பட்டார்.

அவர் திரும்பி வந்தபோது வாசற்படி முழுவதும் அக்கம்பக்கத்தாரின் செருப்புகள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அவர் வழக்கமாக அமரும் நாற்காலியில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் அமர்ந்திருந்தனர். எழுந்து இடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. பாட்டு நல்ல பாட்டு. அவர் சுவரோரமாக ஒதுங்கி அடுக்களைக்குள் சென்றார். எல்லோரும் கலைந்த பின்னர் தண்ணீர் குடிக்கச் சென்ற நான், அணைந்த அடுப்பின் அருகே மணையில் அமர்ந்து அவர் தனியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கக் கண்டேன். என்னைக் கண்டதும் சற்றே நகர்ந்து வழிவிட்டார். ஒரு சொல் கடிந்து பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த வழிவிடுதலைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, "அம்மா, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"அது எதற்குத் தம்பி? பாட்டும் கூத்தும் பார்க்கக்கூடாதென்று நான் சொன்னேனா? வீட்டுக்கு விருந்தாளி வரலாம். எந்த நாள், எந்த நேரம் வரவேண்டுமென்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். நீ விருந்தாளியிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் நிற்கிறாய்" என்றார்.

அன்று என் மூத்த மகளிடம் எண்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். வாரந்தோறும் 'முன்னோட்டம்' வரும்போது அவள் நாள்வாரியாக நிகழ்ச்சிகளை எழுதுவாள். பின்னர் குடும்பம் கூடி அமர்ந்து தேர்ந்தெடுக்கும். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு, அதற்கு மேலில்லை. ஒன்று நாடகம், ஒன்று இசை, ஒன்று அறிவு வளர்க்கும் படம். ஜெபமாலை மீண்டும் ஏழு மணிக்கே வந்தது. ஏழு மணி நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்திருந்தால், அன்று ஜெபமாலை ஆறரைக்கு என்று முன்னதாகவே முடிவு செய்வோம். தவக்கால வெள்ளிகளில் மரக்கதவு திறப்பதேயில்லை. தேர்ந்த நிகழ்ச்சி முடிந்தவுடன் கதவை இழுத்து மூடுவது இளைய மகனின் பொறுப்பு. மூடிய பின்னர் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும்; இது என் மனைவி சேர்த்த விதி.

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பை ஒரு செவ்வாய்க்கிழமை அறிந்தேன். அன்றைய நாடகத்தில், மகன் கட்டிய புதுவீட்டில் வயது முதிர்ந்த தந்தைக்குத் திண்ணையே இடமாயிற்று. யார் செய்தது பிழை என்று நான் ஆசிரியரைப் போலக் கேட்டேன். பத்து வயது மகன் சிறிது யோசித்துவிட்டு, "அப்பா, அன்றைக்குப் பாட்டியும் அப்படித்தானே அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்கள்?" என்றான். கூடத்தில் அமைதி நிலவியது. பிள்ளைகள் முன்னிலையில் அன்னையாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நாடகத்தைப் பேசு என்றால் என்னைப் பேசுகிறீர்களே" என்று சிரித்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லியும் என் நெஞ்சைவிட்டு நீங்காதிருந்த அந்தப் பாரம், அன்றிரவுதான் நீங்கியது.

அறிவு வளர்க்கும் படங்களில் எங்களை மிகவும் கவர்ந்தது, ஷியாம் பெனகல் இயக்கி 1988-ல் தொடங்கிய 'பாரத் ஏக் கோஜ்'. நேருவின் நூலைத் தழுவி 53 பகுதிகளாக வந்தது. இந்தி எங்களுக்குப் புரியாது. எனினும் சிலப்பதிகாரக் கதையும் சோழப் பேரரசும் திரையில் வந்தபோது, பிள்ளைகள் தங்கள் பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். வரலாறு என்றால் மனப்பாடம் என்று எண்ணியிருந்தவர்கள், அது நம்முடைய கதை என்று கண்டுகொண்டார்கள்.

ஒரு நல்ல ஆவணப்படம் என்ன செய்ய வல்லது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. பிரிட்டனின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.சி.க்காக 1969-ல் மால்கம் மக்கரிட்ஜ் கல்கத்தாவுக்கு வந்து அன்னை தெரேசாவைப் பற்றிப் படமெடுத்தார். காளிகாட்டில் 1952-ல் அன்னை தொடங்கிய 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தின் உட்புறம் மிக இருட்டாயிருந்தது. அங்கே படம் விழாது என்று ஒளிப்பதிவாளர் தயங்கினார். ஆயினும் எடுத்தார்கள். கழுவிப் பார்த்தபோது, மரணத் தறுவாயில் இருந்தோரின் முகங்கள் மென்மையான ஒளியில் தெளிவாகத் தெரிந்தன. புதுவகைப் படச்சுருளின் தன்மை அது என்றார் ஒளிப்பதிவாளர். அற்புதம் என்றார் மக்கரிட்ஜ். அந்த வழக்கு எப்படியிருப்பினும், மேலைநாட்டு இல்லங்கள் பல அன்னையை அறிந்தது அந்தப் படத்தின் வாயிலாகவே. 1982-ல் மக்கரிட்ஜ் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பிறருக்குக் காட்டப் படமெடுக்க வந்தவர், தாமே கண்டுகொண்டார். பிற்காலத்தில் எங்கள் பங்கில் அந்தப் படத்தை வீடியோவில் காட்டியபோது, நோயாளியின் கையை அன்னை பற்றியிருந்த விதத்தை என் அன்னையார் இமைகொட்டாது பார்த்துக்கொண்டிருந்தார்.

இசை நிகழ்ச்சிகள் அன்னையாரின் பங்கு. நாதசுரம் என்றால் நோட்டுப் புத்தகத்தில் அவருக்காக ஒரு சிலுவைக் குறியிட்டு வைப்பாள் என் மகள். 1990-ஆம் ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வாழ்நாளில் முதன்முறையாக நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்ல இயலாமற்போயிற்று. மகள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நள்ளிரவுத் திருப்பலி ஒளிபரப்பு என்று எழுதி, அதைச் சுற்றிக் கட்டமிட்டிருந்தாள். பெட்டியைக் கட்டிலருகே நகர்த்தினோம். எங்கோ தொலைவில் உள்ள கோயிலில் எழுந்தேற்றத்தின் மணி ஒலித்தபோது, எழ முடியாத அந்த உடம்பு தலையணையிலிருந்து தலையை உயர்த்திக் கைகூப்பியது.

அசிசி நகர்ப் புனித கிளாராவும் இவ்வாறே ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுத் தன் அறையில் தனியே கிடந்தார் என்பது நாம் கேட்டறிந்த வரலாறு. கோயிலில் நடந்த வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழும் வரம் அவருக்குக் கிடைத்தது. அதனாலேயே 1958-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். அன்னையார் மறு ஆண்டே இறைவனடி சேர்ந்தார்.

1994-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் விடுத்த செய்தி, தொலைக்காட்சியையும் குடும்பத்தையும் பற்றியது. நிகழ்ச்சியின் தன்மையைப் பெற்றோர் முன்னரே அறிந்து தேர்வு செய்ய வேண்டும். பார்த்ததைப் பிள்ளைகளோடு பேச வேண்டும். தேவையானால் அணைத்துவிடவும் தயங்கலாகாது என்பது அதன் சாரம். படித்தபோது என் கண்கள் கலங்கின. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை என் வீட்டு அடுக்களையில் கேட்டிருந்தேனே!

இன்று அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டி இல்லை. தூரதர்ஷனின் தமிழ் அலைவரிசையும் பல பெயர்களைக் கடந்து வந்துவிட்டது. என் பேரப்பிள்ளைகளுக்கு நூற்றுக்கணக்கான அலைவரிசைகள், ஆளுக்கொரு கைபேசி. அவற்றுக்கு மரக்கதவு கிடையாது. முன்னோட்டத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. ஒரே கூரையின் கீழ் நால்வர் நான்கு உலகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அன்று அன்னையார் ஒருவர்தான் அடுக்களையில் தனித்திருந்தார். இன்று ஒவ்வொருவரும் தனித்திருக்கிறோம்.

ஆகவே, சென்ற ஆகமன காலத்தின் முதல் ஞாயிறன்று என் மகள் கடையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள். ஞாயிறு இரவு உணவுக்குப் பின்னர் பிள்ளைகளே எழுதுகிறார்கள்: வரும் வாரத்தில் அனைவரும் சேர்ந்து பார்க்க ஒரு நாடகம், ஓர் ஆவணப்படம், ஓர் இசை. எல்லா வாரமும் நடக்கிறதென்று சொல்லமாட்டேன். நடக்கிற வாரங்களில் வீடு வீடாயிருக்கிறது.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அதன் முதற்பக்கத்தில், முதல் வரியில், ஜெபமாலையின் நேரத்தை எழுதுங்கள். மற்றவை அதன் பின்னர் வரட்டும். விருந்தாளி வரட்டும், வீட்டுக்காரர்களாக நாம் இருப்போம்.