மேன்மைக் கழகம் யாருக்கு?



1988ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டதை அனைவரும் அறிவோம். அன்றிலிருந்து பெற்றோர்கள் ஒரு வினாவை ஓயாமல் எழுப்பி வருகின்றனர். “என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று இனி எப்படித் தெரிந்துகொள்வது, டீச்சர்?” எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற மாணவர்களின் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. அந்த ஏக்கம் நியாயமானதே.

அந்த இடத்தை நிரப்புவதற்காக, எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் ‘மேன்மைக் கழகம்’ ஒன்றை அமைக்கலாம் என்று முன்மொழிந்துள்ளனர். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் மதிப்பெண் மிகுந்த பன்னிருவர் அதன் உறுப்பினர். சட்டையில் அணிந்துகொள்ள ஒரு சின்னம். பரிசளிப்பு விழாவில் முன்வரிசை இருக்கை. அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய கழகங்கள் பெரும் மதிப்புடன் விளங்குகின்றன என்று ஒரு தந்தையார் எடுத்துரைத்தார். விதிமுறைகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. எழுதுமுன், அக்கழகங்கள் எவ்வாறு தோன்றின என்று படித்துப் பார்த்தேன்.

அவற்றுள் மூத்தது ‘ஃபை பீட்டா கப்பா’. 1776 டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரிலுள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஐந்து மாணவர்கள் கூடி அதனைத் தொடங்கினர். அறிவின்மீது கொண்ட காதலே வாழ்வின் வழிகாட்டி என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். தொடக்கத்தில் அங்கு மதிப்பெண் பட்டியல் இல்லை. மாணவர்கள் கட்டுரை வாசித்தனர்; விவாதித்தனர்; கூட்டங்களை இரகசியமாக வைத்துக்கொண்டனர். 1779இல் யேல், ஹார்வர்டு கல்லூரிகளில் கிளைகள் அமைக்க ஒப்புதல் அளித்தனர். 1781இல் போர் நெருங்கி வந்ததால் தாய்க்கிளை செயலற்றுப் போயிற்று. மற்ற இரு கிளைகளே மரபைக் காத்தன.

பின்னர் அதன் இயல்பு மாறியது. 1831இல் ஹார்வர்டு கிளை இரகசியத்தைக் கைவிட்டது. விவாதக் கூடமாக இருந்த கழகம், சிறந்த மாணவர்களைத் தெரிவுசெய்து பெருமைப்படுத்தும் அமைப்பாயிற்று. பெண்களுக்கு வாயில் திறக்க 1875ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் வெர்மாண்ட் பல்கலைக்கழகக் கிளையில்தான் முதலில் நிகழ்ந்தது. ஏறத்தாழ நூறாண்டுகள்! அதுவரை அறிவில் சிறந்த பெண்களே இல்லையா? இருந்தார்கள். ஆனால், உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்களே தகுதியானவர்கள் ஆனார்கள்.

நம்மிடம் இதற்கு ஒப்பான மரபு உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கான விடைக்கு நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாகச் செல்லும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் அவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். 1883இல் நம் பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தியவர். இப்பெருமகனார் பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவர்களுள் ஒருவராக வீற்றிருந்தார். அச்சங்கத்தைப் போற்றிப் புலவராற்றுப்படை ஒன்றும் இயற்றினார்.

அந்த மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901 செப்டம்பர் 14ஆம் நாள் பாண்டித்துரைத் தேவர் நிறுவினார். மதுரையில் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியும் எளிதில் கிடைக்காமையே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியது என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. சங்கம் புலவர்களைப் பெருமைப்படுத்தியது உண்மையே. ஆயினும் அதனோடு நின்றுவிடவில்லை. நூல்நிலையம் அமைத்தது, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தது, ‘செந்தமிழ்’ இதழை வெளியிட்டது, கல்லூரி நடத்தியது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளில் தேர்வும் நடத்தியது. யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கடல்கடந்த அப்பண்டிதத் தேர்வில் தேறியவர். பின்னர் திருநெல்வேலி சைவாசிரியர் கலாசாலையில் ஆசிரியர்களை உருவாக்கியவர்.

இரண்டு மரபுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒன்றில், உள்ளே இருப்பவர்கள் அழைத்தால்தான் நுழைய முடியும். மற்றொன்றில், படிகள் வெளிப்படையாக இருந்தன, முயன்றவர் ஏறலாம். பண்டிதர் என்னும் பட்டம் பெற்றவரிடம் ஊரார் அடுத்து எதிர்பார்த்தது கற்பித்தலையே. பட்டம் ஒரு முடிவன்று. ஒரு பணியின் தொடக்கம்.

இவ்வாறு சொன்னபோது ஒரு தாயார் என்னிடம் வருந்திப் பேசினார். “என் மகள் இரவெல்லாம் விழித்துப் படிக்கிறாள். அவளுக்குக் கிடைக்கவேண்டிய பெருமையை ஏன் டீச்சர் பங்குபோடப் பார்க்கிறீர்கள்?” அவர் வினா என்னைச் சிந்திக்க வைத்தது. உழைப்புக்கு மதிப்பளிக்காத பள்ளி பள்ளியே அன்று. அச்சிறுமிக்குரிய பாராட்டு குறைவின்றிக் கிடைத்தே தீரவேண்டும்.

ஆனால், என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மற்றொரு சிறுமியும் இருக்கிறாள். அவள் தாயார் அதே சாலையை ஒட்டிய சந்தில் பூமாலை தொடுத்து விற்கிறார். மகள் மாலையில் அம்மாவுக்குத் துணையாக இருந்துவிட்டு, இரவில்தான் புத்தகத்தைத் திறக்கிறாள். மதிப்பெண் நடுத்தரம். ஓய்வு நேரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரை அருகில் அமர்த்தி எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தருகிறாள். யாரும் ஏவவில்லை. ரகர, றகர வேறுபாட்டை அப்பிள்ளைகள் அவளிடமிருந்துதான் கற்றனர். முன்மொழியப்பட்ட பன்னிருவர் பட்டியலில் அவளுக்கு இடமில்லை.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த விதிமுறைகள் இவை. முதலாவது, எண்ணிக்கை வரம்பு வேண்டா. குறித்த படியை எட்டிய அனைவரும் உறுப்பினர். இரண்டாவது, படிகள் மூன்று: நன்கு கற்றல், கற்றதை ஒரு நூலாய்வாகவோ உரையாகவோ பள்ளியின் முன் வைத்தல், இளைய மாணவர் ஒருவருக்கு ஒரு பருவம் வாசிப்பில் உதவுதல். மூன்றாவது, மூன்று படிகளும் ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் அறிவிக்கப்படும். நான்காவது, மூன்றையும் நிறைவேற்றிய பின்னரே சின்னம் வழங்கப்படும்.

இதன்படி, இரவெல்லாம் படிக்கும் சிறுமி முதற்படியை எளிதில் தாண்டுவாள். மூன்றாம் படியில் அவள் புதிதாக ஒன்றைக் கற்பாள். பூக்கடைச் சிறுமிக்கு மூன்றாம் படி கைவந்த ஒன்று. முதற்படிக்கு நாம் தோள்கொடுக்க வேண்டும். அதற்காக வாரம் இருமுறை, பள்ளி முடிந்ததும் ஒரு மணிநேரம் தங்குவதாகத் தலைமையாசிரியரிடம் தெரிவித்துள்ளேன். மேலும் இரு ஆசிரியர்கள் இணைந்துள்ளனர்.

அடுத்த கூட்டத்தில் இவ்விதிமுறைகள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. சிலர் இன்னும் பன்னிருவர் பட்டியலையே விரும்புகின்றனர். முடிவு எவ்வாறு அமையுமோ அறியேன். பெற்றோர்களே, கைதூக்குமுன் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். சின்னம் அணிந்த பிள்ளையைப் பார்க்கும் அணியாத பிள்ளை, “நானும் ஒருநாள் அணிவேன்” என்று நினைக்க வேண்டுமா, “அது எனக்கில்லை” என்று நினைக்க வேண்டுமா? பள்ளியில் நாம் எழுதும் ஒவ்வொரு விதியும் அந்த வினாவுக்கான விடையே.