வேலி எதைத் தடுக்கிறது?

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நாராயண்காவ் இருக்கிறது. திராட்சைக்கும் தக்காளிச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் புறத்தே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த பழைய பண்ணை வீடொன்றை ஆய்வு மாணவி ஒருவர் வாடகைக்கு எடுத்தார். தஞ்சை மராத்தியர் காலத்து மோடி ஆவணங்களில் நில அளவைகளை ஆராய்பவர். எழுத்தையும் மொழியையும் பழகுவதற்காக மராட்டிய மண்ணுக்கு வந்தவர். நகரத்தைவிட வாடகை குறைவு. எழுதுவதற்கு அமைதி. வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர் திறந்தவெளி. இரண்டு சிறு நாய்களை வைத்திருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாய்களில் ஒன்று வெள்ளை ஸ்பிட்ஸ், பெயர் பஞ்சு. மற்றது டாஷ்ஹண்ட், பெயர் குட்டையன்.

அந்த நிலத்தைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து வரிசை முள்கம்பி வேலி இருந்தது. அது மாடுகளுக்காகப் போடப்பட்டது. மாட்டின் மார்பு உயரத்தில் முள் குத்தும், மாடு விலகும். சிறு நாய்க்கோ இரு கம்பிகளுக்கிடையே இருப்பது அகன்ற வாசல். வந்த மூன்றாம் நாளே பஞ்சு அதன் வழியே வெளியே ஓடி, திரும்பி வரும்போது விலாவைக் கிழித்துக்கொண்டது. ஆறு தையல்கள். காக்க வேண்டிய வேலியே பயிரை மேய்ந்தது.

அதன் பிறகு அவர் வேலியை ஓர் ஆய்வுப் பொருளாகவே அணுகினார். அளக்க வேண்டியது நாயின் உயரத்தை அன்று, தலை மற்றும் மார்பின் அகலத்தை என்பதை முதலில் கண்டறிந்தார். அடர்ந்த மயிரைக் கையால் அழுத்திப் பிடித்து அளந்தபோது, பஞ்சுவின் உடல் கண்ணுக்குத் தெரிவதில் பாதியளவே இருந்தது. பழைய இரும்புக் கதவின் கம்பி இடைவெளிகளில் அது எளிதாக நுழைந்துவிடும். ஆகவே இரண்டு அங்குலக் கண்ணி கொண்ட வலைக்கம்பி வேலியைத் தேர்ந்தெடுத்தார். உயரம் ஐந்தடி. குறுக்குச் சட்டங்களை வெளிப்புறமாகப் பொருத்தச் சொன்னார். உட்புறம் இருந்தால் அவை ஏணிப்படிகளாகிவிடும்.

குட்டையனின் சிக்கல் வேறு. டாஷ்ஹண்ட் என்ற ஜெர்மன் பெயருக்குப் பேட்ஜர் நாய் என்று பொருள். பேட்ஜர் என்பது மண்ணைக் குடைந்து வளையில் வாழும் விலங்கு. அந்த வளைக்குள் புகுந்து அதை எதிர்கொள்வதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. குட்டைக் கால், நீண்ட உடல், மண் தோண்டும் வேட்கை ஆகியவை அதன் பிழைகள் அல்ல, அதன் தொழிற்கருவிகள். தோண்டும் நாயை உயரமான வேலி தடுக்காது. வலையின் அடிப்பகுதியை ஒன்றரை அடி உட்புறமாக மடக்கித் தரையில் படுக்கவைத்து, முளையடித்து, மேலே கல்லும் மண்ணும் பரப்ப வேண்டும். நாய் எப்போதும் வேலியின் காலடியிலேயே தோண்டும். அங்கே கம்பி தட்டுப்படும். இரண்டடி பின்வாங்கித் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

கதவின் கீழே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தே தீரும். இல்லையெனில் கதவு சுழலாது. அங்கே சிமெண்டுப் படி கட்டப்பட்டது. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் வைக்கப்பட்டன. ஒன்றைச் சாத்திய பின்னரே மற்றதைத் திறப்பது வழக்கமாயிற்று. வழிப்போக்கரைக் கண்டு நாய்கள் வேலியோரமாக ஓடி ஓடிக் குரைப்பதைக் குறைக்க, சாலைப் பக்கம் மூன்றடி உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டினார்.

கோடையில் மண் தன் பாடத்தைக் கற்பித்தது. தக்காணத்தின் கரிசல் மண் மழையில் வீங்கும்; வெயிலில் சுருங்கி வெடிக்கும். மே மாதத்தில் இரண்டு தூண்கள் சாய்ந்தன. வலைக்கும் தரைக்கும் இடையே கை நுழையும் அளவு பிளவு தெரிந்தது. தூண்களை மேலும் ஆழமாக நட்டு, ஒவ்வொரு ஞாயிறும் வேலியைச் சுற்றி நடந்து பார்ப்பதை அவர் கடமையாக்கிக்கொண்டார். உதவித்தொகையில் பெரும்பகுதி இதற்கே கரைந்தது. ஆனால் எட்டு மாதங்களில் இரண்டு நாய்களும் ஒருமுறைகூட வெளியே போகவில்லை.

பக்கத்து நிலத்தில் ஆடு வளர்க்கும் மூதாட்டியை ஊரே ஆஜி என்று அழைக்கும். அவர் ஒருநாள் வேலியைத் தொட்டுப் பார்த்தார். “நாய் வெளியே போகாது, சரி. உள்ளே வருவதற்கு என்ன செய்திருக்கிறாய், மகளே?” என்று கேட்டார். திருடரைப் பற்றிக் கேட்கிறார் என்றெண்ணி, “பூட்டு இருக்கிறது, ஆஜி” என்றார் மாணவி. ஆஜி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியில் பக்கத்துக் கரும்பு வெட்டப்பட்டது. ஓர் இரவு ஏழரை மணிக்கு வழக்கம்போல் நாய்களை முற்றத்தில் விட்டுவிட்டு, அவர் உள்ளே ஓர் ஆவணத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். குரைப்பு எதுவும் கேட்கவில்லை. குட்டையன் மட்டும் ஓடிவந்து கட்டிலின் அடியில் பதுங்கியது. வெளியே இரு கதவுகளும் தாழிட்டபடியே இருந்தன. வலை எங்கும் அறுந்திருக்கவில்லை. வேலியின் மேல்கம்பியில் ஒரு கொத்து வெள்ளை மயிர் சிக்கியிருந்தது.

சிறுத்தைக்கு ஐந்தடி என்பது ஒரு தாவல். அவர் இதை அறியாதவர் அல்லர். பக்கத்துத் தாலுகாவான அகோலேயில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தைகளின் எச்சங்களைக் கொண்டு நடத்திய ஆய்வை அவர் படித்திருந்தார். அங்கே சிறுத்தைகள் உண்ட இரையின் மொத்த எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். நாய்கள் மட்டுமே 39 விழுக்காடு. ஒரு கருத்தரங்கில் அந்த எண்களைக் கேட்டுக் குறிப்பும் எடுத்திருந்தார். எண் ஒரு ஏட்டில் இருந்தது. வேலி வேறொரு ஏட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை நடக்கவேயில்லை.

கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறையிடம் மனுக் கொடுக்குமாறு சிலர் வற்புறுத்தினர். அந்த வழி என்ன செய்தது என்பதற்கு ஜுன்னர் வட்டாரமே சான்று. 2001இலிருந்து இங்கே பல சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன. அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் அதன்பின் 17 ஆக உயர்ந்ததைப் பின்னர் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர் மனுக் கொடுக்கவில்லை.

மாறாக, ஆஜியின் ஆட்டுப்பட்டியைப் போய்ப் பார்த்தார். அதன் சுவர் அவருடைய வேலியைவிடத் தாழ்வானது. ஆனால் மேலே கூரை இருந்தது. பொழுது சாயுமுன் கடைசி ஆடும் உள்ளே போய்விடும். “பகலுக்கு ஒரு வேலி, இரவுக்கு ஒரு வேலி. நீ பகல் வேலியை வைத்துக்கொண்டு இரவைக் கழித்தாய்” என்றார் ஆஜி. அதில் கடுமை இல்லை.

அந்த வயல்களுக்கு அப்பால் கோடத் கிராமத்தருகே மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் கிண்ணங்கள் தெரியும். மொத்தம் 30, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான அவை தகடுகளால் ஆனவை அல்ல. மெல்லிய எஃகுக் கம்பி வலைகளால் ஆனவை. கண்ணிகள் 10 முதல் 20 மில்லிமீட்டர். அவை பிடிக்கும் வானொலி அலைகளின் நீளம் கண்ணியைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே அந்த அலைகளுக்கு வலையும் தகடும் ஒன்றே. காற்றோ வலையினூடே கடந்துவிடும். கிண்ணத்தின் எடையும் செலவும் குறையும். எதை நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று வகுத்துக்கொண்ட பிறகே அந்தக் கண்ணியின் அளவு முடிவாயிற்று. நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தம் வேலியிடம் கேட்டதோ பாதிக் கேள்வி மட்டுமே. நாயின் மார்பை அளந்தார், இருட்டை அளக்கவில்லை.

இப்போது வீட்டுச் சுவரை ஒட்டி, பத்துக்கு எட்டடியில் ஒரு கம்பிக்கொட்டில் இருக்கிறது. நாற்புறமும் மேலேயும் பற்றவைத்த கனத்த கம்பி வலை, தரை சிமெண்டு, வீட்டுக்குள்ளிருந்தே திறக்கும் கதவு. மாலை ஆறு மணிக்குப் பெரிய முற்றம் குட்டையனுக்கு மூடப்படும். இரவில் அது வெளியே போக வேண்டுமென்றால் அந்தக் கொட்டில்தான்; அப்போதும் விளக்கெரியும், அவரும் உடன் நிற்பார். சங்கிலியில் கட்டிப்போட அவர் நினைக்கவில்லை. கட்டப்பட்ட நாய் ஓடவும் இயலாது. பழைய வேலியும் அப்படியே இருக்கிறது. பகலில் அது தன் வேலையைச் செவ்வனே செய்கிறது.

தஞ்சை நிலக் கணக்குகளில் வேலி என்பது ஓர் அளவு. 20 மா கொண்டது ஒரு வேலி. அந்தச் சொல்லை ஆவணங்களில் காணும்போதெல்லாம் அவர் சற்றே நின்றுதான் மேலே படிக்கிறார். மேல்கம்பியில் சிக்கியிருந்த மயிரை அவர் எடுக்கவில்லை. ஜூன் மாத முதல் மழை அதைக் கொண்டுபோயிற்று.