போதும் என்னும் அளவு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் கொமுட்டர் தொடர்வண்டியில், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதொன்றில், தாத்தாவும் பேரனும் அருகருகே அமர்ந்திருந்தனர். தாத்தா தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேரன் மூன்றாம் படிவ மாணவன். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த அவன், நிண்டெண்டோ நிறுவனத்தாரின் சுவிட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வாங்க விழைந்தான். தாத்தாவின் இசைவு ஒன்றே எஞ்சியிருந்தது.

"அந்தக் கருவியில் நல்ல விளையாட்டுகள் போதுமான அளவு உள்ளனவா?" என்று தாத்தா வினவினார். பள்ளி நூலகத்திற்கு நூல் வாங்கிய காலத்துப் பழக்கம் அது.

"ஆயிரக்கணக்கில் இருக்கு தாத்தா."

"நான் தொகையைக் கேட்கவில்லையப்பா, தரத்தைக் கேட்டேன்."

பேரன் உடனே விடை கூறவில்லை. சிறுவர்க்குரிய பொருளைப் பற்றிய வினாவாயினும் அது சிறிய வினா அன்று. 'போதும்' என்பதற்கு அளவு யாது? எண்ணிக்கையா, தரமா, அன்றி இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட வேறொன்றா? இக்கருவிகளின் வரலாறே இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறுதான்.

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றியவர் குன்பெய் யொக்கோய். தொடர்வண்டியில் பயணி ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை வறிதே அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்டு, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றைச் செய்யும் எண்ணம் அவருக்கு உதித்ததாகக் கூறுவர். 1980-ஆம் ஆண்டு 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. முதற்கருவியில் இருந்த விளையாட்டு ஒன்றே ஒன்று: பந்துகளைக் கீழே விழாமல் மாறி மாறிப் பிடித்தல். பின்னர் வந்தவையும் ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு என்ற முறையிலேயே அமைந்தன. எனினும் அவ்வரிசைக் கருவிகள் உலகெங்கும் 4 கோடிக்கும் மேல் விற்பனையாயின. ஒன்றே ஆயினும் நன்றே ஆயின், அது போதுமானதாக இருந்தது.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. அதே காலத்தில் அமெரிக்காவில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுகள் பெருகின. தரம் நோக்காது பலரும் விரைந்து விரைந்து செய்து குவித்தனர். கடைகள் நிரம்பின, வாங்கியோர் மனம் கசந்தனர். 1983-ஆம் ஆண்டு அச்சந்தை சரிந்தது. அட்டாரி நிறுவனம் விற்க இயலாத தன் சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தின் பாலைநிலத்தில் புதைத்தது. 2014-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. பாடம் கற்ற நிண்டெண்டோ, பின்னர் அமெரிக்காவில் தன் வீட்டுக் கருவியை விற்றபோது, ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என வரம்பிட்டது. மிகுதியே குறையாகும் இடமும் உண்டு என்பதை அது உணர்ந்திருந்தது.

1989-இல் வந்த 'கேம் பாய்' மற்றொரு சான்று. அதன் திரையில் வண்ணம் இல்லை. அதனோடு போட்டியிட்ட செகாவின் 'கேம் கியர்' ஒளிரும் வண்ணத் திரை உடையது. ஆயின் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே தின்று தீர்த்தது. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கும் மேல் உழைத்தது. அமெரிக்காவில் அதனோடு சேர்த்து வழங்கப்பட்டது டெட்ரிஸ். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்னும் அறிஞர் உருவாக்கிய ஆட்டம் அது. ஏழே ஏழு வடிவங்கள். அவை விழும் வரிசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கதை இல்லை, காட்சி இல்லை. ஆயினும் சிறுவரும் முதியோரும் அதை வைத்த கை எடுக்காமல் ஆடினர். அழகிய கருவியை வென்றது அளவான கருவி.

அழகு மட்டும் போதாது என்பதற்குச் சோனியின் 'வீட்டா'வும் சான்று கூறும். 2011 திசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அக்கருவியின் திரை கண்ணைக் கவர்ந்தது. ஆயினும் நாளடைவில் சோனியே அதற்கெனப் பெரிய விளையாட்டுகள் செய்வதைக் கைவிட்டது. 2019-இல் உற்பத்தி நின்றது. அதனை வாங்கியவர்களுள் ஒரு சாரார் அதில் விளையாட்டே இல்லை என்றனர். மற்றொரு சாரார் 'பெர்சோனா 4 கோல்டன்' போன்ற சிலவற்றை எடுத்துக்காட்டி, இவையே போதும் என்றனர். இரு சாராரும் நோக்கிய கருவி ஒன்றே, வேறுபட்டது அளவுகோல்.

தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பல்லாங்குழிப் பலகையும் கையடக்கக் கருவியே. இரண்டாக மடியும், பதினான்கு குழிகள், கைப்பிடிச் சோழியோ புளியங்கொட்டையோ போதும். அதே பலகையில் பசுப்பாண்டியும் ஆடலாம். துணை யாரும் இல்லாத பொழுது தனியே சீதைப்பாண்டியும் ஆடலாம். மலாய்க்காரர்களின் சொங்காக் அதன் உறவினமே. தலைமுறைகள் பல கடந்தும் அப்பலகையில் ஆட்டம் போதவில்லை என்று யாரும் குறைகூறியதில்லை.

கே.எல். சென்ட்ரலில் இறங்கிய இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் துன் சம்பந்தன் சாலைக்கு வந்தனர். உணவகம் ஒன்றில் வாழையிலைச் சோறு வந்தபொழுதுதான் பேரன் வாய் திறந்தான்.

"தாத்தா, அதுல தமிழர் செஞ்ச ஆட்டமும் இருக்கு. பேரு வெண்பா."

தாத்தாவின் கை இலையிலேயே நின்றது. "நேரிசையா, இன்னிசையா?" என்றார். பேரன் சிரித்துவிட்டான்.

அவன் கூறியது உண்மை. கனடாவின் தொரந்தோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 சூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பெயர் வெண்பா. தன் அன்னை எழுதி வைத்த சமையல் ஏடு சிதைந்து கிடக்க, எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு அவள் சமைக்க வேண்டும். 2024-இல் அது பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பினரிடம் சிறந்த முதற்படைப்புக்குரிய விருதைப் பெற்றது. இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடித்துவிடலாம். குறள் வெண்பாவும் ஏழு சீரில் முடிவதுதானே!

ஒற்றைத் தண்டவாள வண்டியில் ஏறி, லோ யாட் பிளாசாவில் கருவியை வாங்கிக்கொண்டு இருவரும் கிள்ளான் திரும்பினர். அன்றிரவு தாத்தா பேரனின் தோளருகே அமர்ந்து திரையை நோக்கினார். இட்டிலி வேக வேண்டும். தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி முறையாகப் பரவும் என்று பேரன் திகைத்தான். "குழிக்கு நேர்மேல் குழி வரலாகாது, திருப்பி வை" என்றார் தாத்தா. மறைந்த தம் மனைவி நாற்பது ஆண்டுகள் அடுப்பங்கரையில் செய்ததை அவர் கண்டிருந்தார்.

கதை வளர்ந்தது. மகன் கவின் பெரியவனாகி, தமிழை விட்டு விலகிச் சென்றான். பின்னொரு நாள் தாயின் சமையற் குறிப்பை அரைகுறைத் தமிழைக் கொண்டு பொருளுணர முயன்றான். பேரன் பொத்தானை அழுத்தாமல் சற்று நேரம் இருந்தான். நான்காம் படிவத்தில் தமிழை ஒரு பாடமாக எடுப்பதா, விடுவதா என்பது வீட்டில் சில வாரங்களாகவே தீராதிருந்த பேச்சு.

"பாட்டி இதெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா தாத்தா?"

"அவளுக்கு எழுதத் தெரியாதப்பா. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். எல்லாம் கைக்கணக்குத்தான்."

பேரன் ஒன்றும் கூறவில்லை. பாடத்தைப் பற்றித் தாத்தாவும் ஒன்றும் கூறவில்லை. கருவியை மூடி வைத்த பின், பள்ளிப் பையிலிருந்து தமிழ்க் குறிப்பேட்டை எடுத்து வந்த பேரன், கடைசிப் பக்கத்தைத் திறந்து, "பாட்டி செய்யும் புளிக்குழம்புக்கு முதலில் என்ன போடுவாங்க?" என்று கேட்டான். தாத்தா நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. வாழ்நாளெல்லாம் சிவப்பு மை ஏந்திய அந்த ஆசிரியர் அன்று திருத்தவில்லை.

ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுள் ஆடுவோனைப் பெயர் சொல்லி அழைப்பது ஒன்று இருந்தாலும் அவனளவில் அக்கருவி நிறைவுடையதே. ஆயின் ஒரு மொழிக்கு அவ்வொன்று போதுமா? போதாது. ஏனையவற்றைச் செய்யும் கைகளும் வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும்.