வன்னியில் ஒரு முதிய காவலன்

வவுனியாவைக் கடந்து கண்டி - யாழ்ப்பாண வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் ஆகிய ஊர்களைத் தாண்டியதும் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் வண்டியை நிறுத்துவது வழக்கம். தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டே பயணத்தைத் தொடர்வர். அதற்கப்பால், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளமும், அதன் நீரால் விளையும் கிளிநொச்சி வயல்களும் உள்ளன. அவ்வயலோரத்திலேதான் எம் இல்லம் அமைந்துள்ளது. அவ்வில்லத்துக் காவலனாகிய ஒரு முதிய நாயைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

காடும் கழனியும் கலந்த வன்னியிலே நாய் வெறும் அலங்காரப் பிராணியன்று. இரவிலே பன்றியும் யானையும் வயலில் இறங்கினால், காவற்கொட்டிலில் கண்ணயர்ந்த உழவனை எழுப்புவது அதன் குரலே. ஆயினும் 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் நெருங்கியபோது, மக்கள் புதுக்குடியிருப்புக்கும், பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் பெருந்தொகையினர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் அடைபட்டனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. உடுத்த துணியோடு ஓடிய அந்நாளில், படலையடியில் நின்ற நாய்களை யார்தான் அழைத்துச் செல்ல முடிந்தது? எம் படலையிலும் ஒன்று நின்றது. ஊர் திரும்பியபோது அது இல்லை.

இப்போதுள்ள மணி, 2011ஆம் ஆண்டு மாரியிலே குட்டியாக வந்து சேர்ந்தவன். பதின்மூன்று வயதைத் தாண்டிவிட்டான். கண்கள் மங்கின, செவி மந்தமாயிற்று, பின்னங்கால்கள் தடுமாறுகின்றன. அயலவர் ஒருவர், “மாஸ்ரர், இதைச் சந்தையடியிலை விட்டிட்டு நல்ல குட்டியொண்டு எடுங்கோ” என்றார். எமக்கு முன்னரே எம் அன்னையார் விடையிறுத்தார்: “தம்பி, அண்டைக்கு விட்டிட்டு ஓடினம், வேறை வழி இருக்கேல்லை. இண்டைக்கு எங்களை ஆர் துரத்துகினம்?” அவர் பின் ஒன்றும் பேசவில்லை.

முதிய நாயைப் பேணுதல் அரிய கலையன்று. மாரிக்காலத்து ஈரத்தரை மூட்டுவலியைப் பெருக்குமாதலின், சாக்குகளை மடித்து, மேலே பழஞ்சேலை விரித்துப் படுக்கை அமைத்தோம். சோழகக் காலத்து வெய்யிலிலே வேப்பமர நிழலையும் நிறைந்த நீர்ச்சட்டியையும் அருகில் வைத்தோம். நெடுந்தூர நடையை நிறுத்தி, காலையும் மாலையும் வாய்க்கால் வரம்பிலே சிறிது தூரம் நடத்துகிறோம். சோற்றைக் குழையப் பிசைந்து சிறுகச் சிறுக இருவேளைக்கு மேலாகக் கொடுக்கிறோம். பார்வை குன்றினும் மோப்பம் அவனுக்கு வழிகாட்டுகிறது. ஆதலால் வாங்கையும் கதிரையையும் இடம்மாற்றுவதில்லை. செவி கேளாத நாயைத் திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கடிக்கவுங்கூடும். ஆகவே தரையைக் காலால் தட்டி, அதிர்வினால் எம் வரவை உணர்த்தியபின்பே அணுகுமாறு பிள்ளைகளுக்குக் கற்பித்துள்ளோம்.

மேலும் ஒன்று. கண்ணில் நீலம் படர்வதெல்லாம் புரையன்று. முதுமையினால் வில்லை தடிப்பதும் அவ்வாறே தோன்றும். நீர் மிகுதியாகக் குடித்தல், திடீரென மெலிதல் ஆகியவற்றை வயதின் இயல்பென்று விட்டுவிடாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மனிதருக்குரிய வலிமாத்திரைகளை நாமாகக் கொடுத்தல் தகாது. அவற்றுட் சில நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பன. விசர்நாய்த் தடுப்பூசியும் முதுமையைக் காரணங்காட்டித் தவறலாகாது.

வழித்துணையாக வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமர் மறுத்த கதையை மகாபாரதம் உரைக்கின்றது. அவர் முன்னே இந்திரனின் தேர் நின்றது. நம்மிடம் அத்துணைப் பெரிய தியாகத்தை எவரும் கேட்கவில்லை. மடித்த சாக்கொன்றும், ஒரு சட்டி நீரும், சற்றே மெதுவான நடையுமே கேட்கப்படுகின்றன. ஓடவேண்டிய காலம் நீங்கி, நின்று பேணத்தக்க காலம் வாய்த்திருக்கையில், அவற்றைக் கொடுக்க நாம் தயங்கலாமா?