நடுத்திட்டு மணலில்

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, கடலோரமாய் அமைந்த வேளாங்கண்ணிக்கு, அக்காள் இறைவனடி சேர்ந்தபின் சென்ற திங்கள்தான் முதன்முறையாகச் சென்று வந்தோம். 1962-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் பசிலிக்காவாக உயர்த்திய பேராலயத்தில் திருப்பலி கண்டபின், நடுத்திட்டை நோக்கித் திரும்பினோம்.

மோர் விற்ற முடச் சிறுவனுக்கு மாதா காட்சி தந்து, அவனை நடக்கச் செய்த இடம் அது என்பது வழிவழி வந்த செய்தி. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பிய அக்காளை, அவளுடைய ஏழாம் வயதில் அப்பா அங்கே தோளில் சுமந்து வந்தார்கள். அச்சிறுவன் எழுந்து நாகை வரை ஓடினானாம், அக்காள் எழவில்லை. திரும்பும் வழியெல்லாம் அம்மா அழுதார்கள். அக்காளோ, அடுத்த ஆண்டும் வரவேண்டும் என்றாள். அவ்வாறே நாற்பது ஆண்டுகள் தவறாது வந்தாள்.

காரணத்தை ஒருமுறைதான் கூறினாள். ஆலயத்திலிருந்து நடுத்திட்டு வழியாக மாதா குளம் வரை செல்லும் மணற்பாதையில் நேர்ச்சைக்காரர் முழந்தாளிட்டே நகர்வர். அவர்களிடையே கையூன்றித் தவழ்ந்த அக்காளைப் பிச்சைக்காரி என எண்ணி ஒருவர் நாணயம் இட்டதுமுண்டு. அவள் அதை உண்டியலில் சேர்த்துவிட்டாள். "ஊரில் எல்லோரையும் அண்ணாந்து பார்க்கிறேன். இந்த மணலில் மட்டும் எல்லோரும் என் உயரம்" என்றாள், சிரித்தபடி.

இம்முறை நாங்களும் முழந்தாளிட்டோம். வெயில் ஏறியிருந்தது; மணல் சுட்டது. பாதி வழியில் தம்பி எழுந்துவிட்டான். அக்காளின் செபமாலையுடன் நடுத்திட்டில் காத்திருந்த அம்மா, எங்களைக் கண்டதும், மோர் எங்கேனும் கிடைக்குமா என்று கேட்டார்கள்.