ஓடைக்கு ஏற்ற கோல்

சார்லட், வட கரோலினா

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒன்பது அடி கிராஃபைட் தூண்டில் கோல், ஐந்தாம் எண் லைனுக்கானது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஆகும்" என்றாராம். அவர் சொன்னது பொய் இல்லை. மொன்டானாவில் அகன்ற ஆற்றின் நடுவே நின்று வீசப் போகிறாய் என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் நீ இருப்பது நாக்ஸ்வில்லில். லீவு நாளில் வண்டியை எடுத்தால் ஸ்மோக்கி மலைக்குத்தான் போவாய். ட்ரெமான்ட்டைத் தாண்டி மேலே நடந்து ஏதாவது கிளை ஓடையில் இறங்கிப் பார், அகலம் நம் ஊர் வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். இரண்டு கரையிலிருந்தும் ரோடோடென்ட்ரான் புதர் குனிந்து தலைக்கு மேல் மூடியிருக்கும். ஒன்பது அடிக் கோலை அங்கே நிமிர்த்தவே முடியாது.

எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபிளை என்கிற போலிப் பூச்சிக்கு எடை கிடையாது, கொஞ்சம் இறகும் நூலும்தான். அதைச் சுமந்து போவது லைன். லைனின் எடையில்தான் கோல் வளைந்து நிமிரும். லைனின் முதல் 30 அடி எவ்வளவு கனம் என்பதை வைத்து எண் போடுகிறார்கள்: மூன்றாம் எண் சுமார் 6.5 கிராம், ஐந்தாம் எண் சுமார் 9 கிராம். நம் ஓடையில் 30 அடி லைனை விட இடம் ஏது? 15 அடி வெளியே போனாலே அதிகம். அப்படியென்றால் கோலுக்குக் கிடைப்பது பாதி எடைதான்.

இதைக் கேட்டதும் எல்லாரும் எண்ணைக் குறைத்துக்கொண்டு திருப்தியாகிவிடுகிறார்கள். மூன்றாம் எண்ணிலும் கம்பி மாதிரி விறைத்த கோல்கள் உண்டு, அவற்றுக்கும் கிடைப்பது பாதி எடைதானே. நீ பார்க்க வேண்டியது, அந்தச் சின்ன எடைக்கே கைப்பிடி வரை வளைந்து கொடுக்கிறதா என்பதை. அதனால்தான் ஃபைபர் கிளாஸ் கோலைப் பார் என்கிறேன். 1970-களில் கிராஃபைட் வந்ததும் பலர் கிளாஸை ஒதுக்கிவிட்டார்கள். வேகமாக, தூரமாக வீச கிராஃபைட்தான் சரி. அருகில் மெல்ல வைக்க கிளாஸ். கொஞ்சம் கனம் கூடுதல் என்பார்கள். ஏழு அடிக் கோலில் அது கைக்குத் தெரியவே தெரியாது. மூங்கில் பக்கம் இப்போதைக்குப் போகாதே, விலையைப் பார்த்தால் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

நீளத்தில்தான் எனக்குப் பிடிவாதம். புதருக்குள் ஆறடிக் கோல் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அங்கே தலைக்கு மேல் சுழற்றி வீசுவதே குறைவு. லைனைப் பின்னால் வீசாமல் முன்னே உருட்டி விடும் ரோல் காஸ்ட் போடுவாய், இல்லையென்றால் ஃபிளையை இரண்டு விரலில் பிடித்து இழுத்துக் கோலை வில்லாக வளைத்து விடுவாய். அதற்குப் பிறகுதான் சிக்கலே. உனக்கும் மீன் நிற்கும் குழிவுக்கும் நடுவே வேகமான நீர் ஓடும். லைன் அதில் விழுந்தால் ஃபிளையை இழுத்துக்கொண்டு போய்விடும், மீன் திரும்பியும் பார்க்காது. லைனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க நீளம் வேண்டும். ஜப்பானில் மலையோடைகளில் டென்காரா கோலை ரீல் இல்லாமல் பத்து, பன்னிரண்டு அடிக்கு வைத்திருப்பது சும்மாவா? நம் ஓடைக்கு ஏழரை அடி, மூன்றாம் எண். நான்கு துண்டாகக் கழற்றுவதாக இருந்தால் முதுகுப் பையில் அடங்கும்.

கடையில் கோலை ஆட்டிப் பார்த்துத் தீர்மானிக்காதே. லைன் மாட்டித் தரச் சொல்லி வெளியே புல்லில் நின்று 15 அடி மட்டும் விட்டு வீசு. மணிக்கட்டை அசைத்தாலே லைன் நேராக விரிந்தால் வாங்கு. தோளிலிருந்து ஓங்க வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ரீலில் காசைக் கொட்டாதே, அங்கே அது நூல் சுற்றி வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். லைன் நுனியில் கட்டும் லீடர் ஏழரை அடி, தடிமன் 5எக்ஸ்.

மேலே ஏற ஏற நீ பார்க்கப்போவது புரூக் ட்ரவுட். அந்த மலையின் பூர்வீக ட்ரவுட் அது ஒன்றுதான். காட்டை வெட்டிச் சாய்த்ததில் ஓடைகள் கெட்டன, பிறகு மேற்கிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ அதை உச்சிக்குத் துரத்தியது. (அவலாஞ்சி மீன் பண்ணையில் நாம் பார்த்ததும் இந்த ரெயின்போதான்.) முப்பது ஆண்டு போல புரூக் பிடிக்கவே தடை இருந்தது, 2006-ல்தான் எடுத்தார்கள். ஆறேழு அங்குலம் வளர்ந்தாலே பெரிய மீன். விறைத்த கோலில் அது மாட்டியதுகூடத் தெரியாது. கிளாஸில் மாட்டினால் கை முழுக்கத் துள்ளும். "இந்தக் காசுக்கு எத்தனை கிலோ மத்தி வாங்கலாம்?" என்று உன் சித்தப்பா பின்னாலிருந்து கேட்கிறார். நீ காதில் வாங்காதே.

டென்னசி லைசென்ஸ் எடுத்துக்கொள். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் புழு கூடாது, ஒற்றைக் கொக்கிதான். ஏழு அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், தொடும் முன் கையை நனைத்துக்கொள். ஓடைக் கற்களைப் புரட்டாதே, அதுவும் சட்டவிரோதம். தனியாகப் போகிற நாளில் எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்கு முன்னாடியே செய்தி அனுப்பிவிடு. மேலே போன் எடுக்காது.

அன்புடன்,
சித்தி